டேப்: தட்டுறதா, வெட்டுறதா, திறக்குறதா?

சாக்பீஸ்
வணக்கம். படிவம் 3 பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பயிற்சித் தாள் ஒன்று தயாராகிறது. எடுத்துக்கொண்ட சொல் டி-ஏ-பி, டேப். வாக்கியங்களைக் கைப்பேசிச் செயலியில் போட்டால் இப்படி வருகிறது:

"தொழிலாளர்கள் அதிகாலையில் ரப்பர் மரங்களைத் தட்டினார்கள்."
"நோயாளிக்கு முதுகெலும்புக் குழாய் செய்யப்பட்டது."
"8.5 மி.மீ. துளையிட்டு, பிறகு தட்டவும்."
"அவர் தலைவர் பதவிக்குத் தட்டப்பட்டார்."
"நாட்டின் தட்டப்படாத வளங்கள்."

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு 'மரம் தட்டினார்கள்' என்று பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனால் பாட்டிமார் நம்மைத் தட்டுவார்கள். அவரவர் வேலையில் இந்தச் சொல் எங்கே வருகிறது, அந்த இடத்தில் தமிழ் வாயில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். அகராதி மேசைமேல் இருக்கிறது, அது போதாமல்தான் இங்கே கேட்கிறேன்.

பைப்புக்கடை
சார், முதல்ல எழுத்துப் பிரச்சினைய முடிப்போம். தமிழ்ல 'டேப்'னு எழுதினா தண்ணி வர்றதும் அதுதான், அளக்குற டேப்பும் அதுதான், ஒட்டுற டேப்பும் அதுதான். ஹார்ட்வேர் கடைக்குச் சீட்டு எழுதி அனுப்புறவங்க 'அரை இன்ச் டேப் 2'னு எழுதுவாங்க. கடைக்காரர் எதை எடுக்கிறது? பைப்பையா, பைப்பு மரையில சுத்துற வெள்ளை டேப்பையா, மரை போடுற டேப்பையா? மூணுமே கடையில இருக்கு, மூணுக்கும் அரை இன்ச் கணக்கு உண்டு.

ஆங்கிலத்துல எழுதும்போது பி ஒண்ணா ரெண்டாங்கிறதைப் பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. டேப்பிங், ரெண்டு பி போட்டா தட்டுறது, வெட்டுறது, திறக்குறது. ஒத்தைப் பி போட்டா 'டெய்ப்பிங்', ஒட்டுறது இல்லன்னா ஒலிப்பதிவு. போன் பேச்சை 'டேப்' பண்ணினாங்கன்னு செய்தி வந்தா ஒட்டுக்கேட்டாங்களா, பதிவு பண்ணினாங்களாங்கிறது அந்த ஒரு பி-யிலதான் இருக்கு.

நம்ம ஊர்ல தண்ணிக் குழாய்க்குப் பேர் பைப்பு. 'குழாய்'னா பாடப்புத்தகம். ஆனா மண்ணுக்குள்ள போறதும் பைப்புதான், அதனால 'பைப்பு ஒழுகுது'ன்னா எதுன்னு திரும்பக் கேட்கணும். மலாய்ல 'கெப்பாலா பாய்ப்'னு தனியாச் சொல்லிடுறாங்க. பார்த்து நம்ம ஆளுங்களும் பைப்புத் தலைன்னு சொல்றது உண்டு, நல்ல சொல்.

பைப்புக்கடை
விட்டுப்போனது ஒண்ணு. அரை இன்ச் பைப்பை அளந்து பார்த்தா எங்கேயும் அரை இன்ச் இருக்காது. மரையோட வெளி விட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ., அதாவது முக்கால் இன்ச்சைத் தாண்டிடும். அரை இன்ச்ங்கிறது பழைய இரும்புக் குழாயோட உள் துவாரக் கணக்கு. ஸ்கேல வச்சு அளந்துட்டு 'முக்கால் இன்ச் குடுங்க'ன்னு வந்து, வீட்டுக்குப் போய் மாட்டாமத் திரும்பி வர்றவங்க அதிகம்.

நெரைக்காரன்
பால் மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, வர்றேன். இங்க யாரும் தட்டுறதும் இல்ல, தட்டினதும் இல்ல. மரம் வெட்டப் போறாங்கன்னு சொல்வோம், பால் வெட்டுன்னு சொல்வோம். வெளியூர்க்காரங்க 'மரம் வெட்டுறாங்க'ன்னு கேட்டா மரத்தையே சாய்க்கிறதா நினைப்பாங்க, அதனால தாள்ல 'பால் வெட்டுதல்'னு முழுசாப் போடுங்க.

ஆனா சரியாச் சொல்லணும்னா அது வெட்டும் இல்ல, சீவுறது. ஒரு தடவை உளி போனா வர்ற பட்டைச் சீவல் கனம் 1.5 மி.மீ. சுமார். ஒட்டுக்கட்டின மரம்னா கோடு 30 பாகைச் சாய்வு. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ. ஏன் அந்தப் பக்கம்? பட்டைக்குள்ள பால் குழாய்ங்க நேரா நிக்கல, கொஞ்சம் சாஞ்சு இடது கீழிருந்து வலது மேல போகுது. எதிர்ச்சாய்வா வெட்டினாத்தான் நிறையக் குழாய் அறுபடும். மாத்தி வெட்டினாலும் பால் வரும், ஆனா குறைவா வரும்.

சாய்வு படுத்துட்டா பால் கோட்டுல நிக்காம பட்டைமேல வழிஞ்சு மங்குக்கு (பால் பிடிக்கிற கிண்ணத்துக்கு) வராது. ரொம்பச் செங்குத்தா போனா அடியில முக்கோணமாப் பட்டை வீணாப்போகும்.

ஆழம்தான் கைப்பழக்கம். உள்ள கட்டை தொடங்குறதுக்கு முன்ன 1 மி.மீ. அளவுக்குப் பட்டை மிச்சம் இருக்கணும். பால் குழாய் அதிகமா இருக்கிறது அந்த உள்பட்டையிலதான், அதனால மேலோட நிறுத்தினா பால் இல்ல. உளி கட்டையைத் தொட்டா மரத்துக்குக் காயம். அந்த இடத்துல புதுப் பட்டை முண்டும் முடிச்சுமா வரும், அடுத்த சுற்றுல அதுமேல உளி ஓடாது.

விடியுறதுக்கு முன்ன ஏன் வெட்டணும்? வெயில் ஏறினா இலை தண்ணிய இழுக்கும், மரத்துக்குள்ள அழுத்தம் குறையும், பால் சுரப்பு குறையும். மழை பெய்ஞ்சு பட்டை ஈரமா இருந்தாலும் வெட்ட முடியாது, பால் கோட்டை விட்டு ஈரத்தோட பரவிடும்.

சாக்பீஸ்
அண்ணே, எஸ் 2, டி 2 என்று ஓர் எஸ்டேட் அறிக்கையில் இருந்தது. பயிற்சித் தாளில் அந்தப் பத்தியும் உண்டு. அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

நெரைக்காரன்
எஸ் 2 = மரத்தோட பாதிச் சுற்று. டி 2 = ரெண்டு நாளுக்கு ஒரு வெட்டு, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள். டி 3ன்னா மூணு நாளைக்கு ஒண்ணு. ஆள் குறைஞ்ச இடத்துல டி 3 வைப்பாங்க.

கணக்கு போட்டுக் காட்டுங்க, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். டி 2ன்னா மாசம் 15 வெட்டு. 15 × 1.5 = 22.5 மி.மீ. பட்டை. வருஷத்துக்கு 27 செ.மீ. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துல தொடங்கினா ஒரு பக்கப் பட்டை அஞ்சு வருஷத்துக்கு மேல தாங்கும். வெட்டுறவர் கை கனமாகி 2 மி.மீ. போச்சுன்னா? 36 செ.மீ., நாலு வருஷத்துல முடிஞ்சிரும். கங்காணி ஏன் பட்டைய அளந்து அளந்து திட்டினார்னு இப்பத் தெரியும்.

'அன்டேப்ட்'னா வெட்டாத பட்டை. எஸ்டேட் அறிக்கையில அவ்வளவுதான்.

சொல்வேர்
செயலி எங்கே சறுக்குகிறது என்று பார்த்தால், அது ஒரு சொல் என்று நினைக்கிறது. டி-ஏ-பி ஒரு சொல் அல்ல. எழுத்தும் ஒலிப்பும் ஒத்துப்போன இரண்டு சொற்கள்.

முதலாவது பழைய ஆங்கிலத்து 'டேப்பா'. பொருள்: பீப்பாயில் துளைபோட்டு அடைக்கும் கட்டை ஆணி, முளை. அந்த ஆணியைப் பிடுங்கினால் சாராயம் வரும். அதிலிருந்து 'பீப்பாய்க்கு ஆணி போடு', பின் 'உள்ளே இருப்பதை வெளியே எடு' என்று வளர்ந்தது. தண்ணீர்க் குழாய், பால் வெட்டு, நோயாளியின் உடம்பிலிருந்து நீர் எடுப்பது, கடன் வாங்குவது, தொலைபேசி ஒட்டுக்கேட்பது, வளங்களை எடுத்தாள்வது எல்லாம் இந்தக் குடும்பம்.

இரண்டாவது பழைய பிரெஞ்சு வழி வந்த ஒலிக்குறிப்புச் சொல். மெல்லத் தட்டு. கதவு, மேசை, தோள், கைப்பேசித் திரை, டேப் டான்ஸ் எல்லாம் இந்தப் பக்கம்.

ஆகவே பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஏதாவது வெளியே வருகிறதா, அல்லது ஏதாவது மேலே படுகிறதா? வெளியே வந்தால் 'தட்டு' என்ற சொல்லை அந்த வாக்கியத்தின் பக்கமே விடக் கூடாது.

இன்னொன்று. ஆணிவேருக்கு ஆங்கிலத்தில் டேப்ரூட். பால் மரத்துக்கு உண்டு, செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) கிடையாது. 'குழாய்வேர்' என்று மொழிபெயர்த்திருப்பதைப் பார்க்க முடிகிறது. குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அங்கே பேசப்படுவது அந்தப் பழைய பீப்பாய் ஆணி: மேலே பருத்துக் கீழே கூம்பியது. தமிழன் அதே வேரைப் பார்த்து அதே ஆணியைத்தான் நினைத்திருக்கிறான்.

தப்புச்சத்தம்
ஐயா, தட்டுற டேப்புக்கு ஏன் பிரெஞ்சுக்குப் போகணும்? நம்மகிட்ட தப்பு இருக்கு. தப்பு அடிக்கிறாங்க, துணியைக் கல்லுல தப்புறாங்க. தப்பு, டேப்பு. வெள்ளைக்காரன் எஸ்டேட்ல கேட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போயிருப்பான்.

சொல்வேர்
ஆண்டுக் கணக்கு இடிக்கிறது, தம்பி. தட்டுகிற டேப் ஆங்கிலத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மலாயாவில் எஸ்டேட் வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

அடிக்கிற சத்தத்துக்கு வைக்கும் பெயர் பல மொழிகளில் ஒன்றுபோல அமையும். 'தப்', 'தட்', 'டொக்' என்று காதில் விழுவதை நாக்கு திருப்பிச் சொல்கிறது. ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. தமிழுக்குள்ளேயே பாருங்கள்: தப்பு என்றால் பறை, தப்பு என்றால் பிழை. இரண்டையும் ஒரே வேர் என்று சொல்வீர்களா?

தப்புச்சத்தம்
என் தப்பு ரெண்டாவது தப்புன்னு ஒத்துக்கிறேன். ஆனா கள்ளுக்கு என்ன சொல்றீங்க? 'டோடி டேப்பர்'. அங்க நிஜமாவே பாளையத் தட்டுறாங்களே!

நெரைக்காரன்
இது நல்ல கேள்வி. தென்னம்பாளை விரியுறதுக்கு முன்ன கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, சின்னக் கட்டையால மெல்லத் தட்டுவாங்க. ஓங்கி அடிக்கக் கூடாது, உள்ள பூ நசுங்கிப் பாளை அழுகிடும். கன்னிப்போகிற அளவுக்குத் தட்டணும், சில நாள் விடாம. அப்புறம் முனையை மெல்லிசாச் சீவிப் பானை கட்டுவாங்க. காலையும் சாயந்திரமும் சீவணும். விட்டா முனை காஞ்சு அடைச்சுக்கும். பானை உள்ள சுண்ணாம்பு தடவினா புளிக்காது, பதநீர். தடவலன்னா கள்.

ஆக ஒரே மரத்துமேல தட்டுறதும் இருக்கு, எடுக்கிறதும் இருக்கு.

சொல்வேர்
ஆமாம், இரண்டு டேப்பும் ஒரே பாளையில் சந்திக்கும் இடம் அது. ஆனாலும் 'டோடி டேப்பர்' என்ற பெயர் எடுக்கிற டேப்பிலிருந்து வந்தது. தட்டாமலே எடுக்கப்படும் ரப்பருக்கும் மேப்பிள் மரத்துக்கும் அதே சொல் பொருந்துவதைக் கவனியுங்கள். தமிழில் கள் இறக்குபவர். இறக்குதல் என்ற சொல்லில் மரத்தின் உயரமும் சேர்ந்து வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் அது இல்லை.

பால் மரத்துக்கு ஏன் பீப்பாய்ச் சொல் வந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பிரேசில் காட்டில் பழைய முறை, சின்னக் கோடரியால் மரத்தில் அங்கங்கே கொத்துவது. அது பீப்பாயில் துளை போடுவதுபோலத்தான். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, கொத்துவதை விட்டுவிட்டு அதே கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவித் திறக்கும் முறையை 1890களில் உருவாக்கினார். வேலை அடியோடு மாறியது, ஆங்கிலச் சொல் மாறவில்லை. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன, நம் ஊரிலிருந்து பக்கம். அங்கே மிஞ்சி நிற்கும் பழைய மரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

மரை_வெட்டி
மூணாவது வாக்கியம் நம்ம சரக்கு. '8.5 மி.மீ. துளையிட்டு, பிறகு தட்டவும்.' இதை நம்பி ஒருத்தர் சுத்தியல எடுத்தா டேப்பு ரெண்டாப் போயிடும்.

இங்க டேப்புங்கிறது துளைக்குள்ள மரை வெட்டுற கருவி. நட்டுக்குள்ள இருக்கிற மரை இதால வர்றது. வெளிப்பக்கம், அதாவது போல்ட்டுல மரை வெட்டுறது டை. தமிழ்ல 'மரை வெட்டவும்'. காட்டுல மரம் வெட்டு, ஒர்க்ஷாப்புல மரை வெட்டு, ரெண்டும் ஆங்கிலத்துல டேப்பிங். ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

வாக்கியத்துல 8.5 இருக்கிறதால அது எம் 10, அதாவது 10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கு. கணக்கு சுலபம்: போல்ட் விட்டத்துல பிட்ச்சை (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை) கழிக்கணும். எம் 10க்குப் பிட்ச் 1.5, மிச்சம் 8.5. எம் 8க்கு 1.25, மிச்சம் 6.75, அதனால 6.8 டிரில். எம் 6க்கு 1, மிச்சம் 5. பிள்ளைங்க பண்ற பொதுத் தப்பு: எம் 10ன்னா 10 மி.மீ. துளை போட்டுடுறது. அப்புறம் மரை வெட்ட இரும்பே மிச்சம் இருக்காது.

கைடேப்பு மூணு சேர்ந்த செட். முதல் டேப்பு முனை நீளமாக் கூம்பி இருக்கும், துளைக்குள்ள தானா நேராப் போகும். ரெண்டாவது கொஞ்சம் கூம்பு. மூணாவது கிட்டத்தட்ட மொட்டை, அடிவரைக்கும் மரை போடும். அடைச்ச துளைன்னா மூணும் வேணும். மூணாவதை எடுத்து முதல்லயே சொருகினா பிடிக்காது, கோணும்.

ரெண்டு சுற்றுப் போனதும் நிறுத்தி, சின்ன மூலைமட்டம் வச்சு ரெண்டு பக்கமும் பார்க்கணும். அதுக்குமேல போனா நிமிர்த்த முடியாது. அப்புறம் அரைச் சுற்று முன்ன, கால் சுற்றுப் பின்ன. பின்ன போகும்போது 'டிக்'னு ஒரு சின்னச் சத்தம் வரும், சீவல் அறுந்த சத்தம் அது. அறுக்காம முன்ன மட்டும் திருகினா சீவல் பள்ளத்துல அடைச்சு டேப்பு மாட்டிக்கும். இரும்புக்கு எண்ணெய், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒண்ணும் வேண்டாம்.

உடைஞ்சா? டேப்பு கடினப்படுத்தின இரும்பு, சாதா டிரில்லு அதுல ஏறாது. பள்ளத்துல மூணு நாலு ஊசிக்கம்பி விட்டுத் திருகிப் பார்க்கலாம். பெரும்பாலும் வராது. அதனாலதான் இறுகுதுன்னு கையில தெரிஞ்ச உடனே பின்ன வரணும்னு சொல்றது.

பைப்புக்கடை
தட்டவும் 😂 மரையும் பைப்பும் ஒண்ணா வந்ததால வெள்ளை டேப்பைப் பத்தியும் சொல்லிடுறேன். மரையோட முனை உங்களப் பார்க்கிற மாதிரி பிடிச்சு, கடிகார முள் போற பக்கம் சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்தினா பைப்பை முடுக்கும்போது டேப்பு கழண்டு சுருண்டு வெளிய வந்துரும். மெல்லிசு டேப்புன்னா அரை இன்ச்சுக்கு 10 சுற்று. முதல் மரையை மூடாதீங்க, அங்க சுத்தினா துண்டு உள்ள போய் பைப்புத் தலையில அடைக்கும். பிளாஸ்டிக் சாக்கெட்டுல 20 சுற்று போட்டு முடுக்கினா சாக்கெட்டே பிளந்துக்கும்.

அதனால ஒரு வாக்கியம் தர்றேன், வேணும்னா தாள்ல சேர்த்துக்குங்க: டேப்பால டேப்பு போட்ட துளையில டேப்பு சுத்தி டேப்பை மாட்டு.

மட்டுறுத்துநர்
பைப்புக்கடை, அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குப் போகவும்.

பைப்புக்கடை
மரை வெட்டின துளையில வெள்ளை டேப்பு சுத்திப் பைப்பை மாட்டு. ஒரே ஒரு டேப்புதான் மிச்சம்.

நைட்_டியூட்டி
சார், ரெண்டாவது வாக்கியம். 'முதுகெலும்புக் குழாய்' இல்ல, முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கிறது. வார்டுல நோயாளி வீட்டாருக்குச் சொல்றப்ப 'முதுகுத் தண்ணி எடுக்கிறாங்க'ன்னுதான் சொல்றது.

இதுல ஒரு பயம் எப்பவும் வரும்: தண்டுவடத்துல ஊசி குத்திடுமா, கால் விழுந்திடுமா. பெரியவங்களுக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்புல முதல், ரெண்டாவது பக்கத்துலயே முடிஞ்சிடும். ஊசி போறது மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல, இல்ல நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல. அங்க நரம்பு நூல் நூலா நீர்ல மிதக்குது, ஊசி வந்தா ஒதுங்கும்.

நெஞ்சுல நீர் கோத்தாலும் 'டேப்', வயித்துல கோத்தாலும் 'டேப்'. நெஞ்சு நீரை ஒரே நேரத்துல எல்லாத்தையும் எடுக்க மாட்டாங்க, சாதாரணமா ஒன்றரை லிட்டர் அளவோட நிறுத்துவாங்க. அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீர்னு விரிஞ்சா அதுக்குள்ளேயே நீர் சுரக்கும். 'மிச்சத்தையும் எடுத்துடுங்க மிஸ்ஸி'ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

குறிப்புல இன்னும் ரெண்டு வரும். 'டிரை டேப்'னா ஊசி போட்டாங்க, ஒண்ணும் வரல. 'டிராமேட்டிக் டேப்'னா ஊசி வழியில சின்ன ரத்தக்குழாயக் குத்தி நீர்ல ரத்தம் கலந்திருச்சு. அதனால நீரை மூணு நாலு குப்பியில வரிசையாப் பிடிச்சு நம்பர் போடுவாங்க. முதல் குப்பி சிவந்து கடைசி தெளிஞ்சிருந்தா ஊசி பண்ணின வேலை. எல்லாம் ஒரே சிவப்புன்னா மூளைப் பக்கம் கசிவு இருக்கான்னு பார்க்கணும். குப்பி நம்பர் மாறிப்போச்சுன்னா இந்த ஒப்பீடே கெட்டுடும்.

நெரைக்காரன்
அக்கா, டிரை டேப்புன்னு சொன்னதும் ஞாபகம் வருது, பால் மரத்துலயும் இருக்கு. வெட்டுக் கோட்டுல பாதி பால் வரும், பாதி காய்ஞ்சு கிடக்கும், அப்புறம் முழுசும் நின்னுடும். அடிக்கடி வெட்டினாலும், பால் கூட்டுற மருந்து அளவுக்கு மீறித் தடவினாலும் வரும். மருந்துன்னா எத்திஃபான், சாதாரணமா 2.5 விழுக்காடு. காய்ஞ்ச மரத்தை இன்னும் ஆழமா வெட்டிப் பார்க்கிறதுதான் பெரிய தவறு. வெட்டை நிறுத்தி ஓய்வு விடணும். 'பட்டை வறட்சி'ன்னு எழுதுங்க.

நைட்_டியூட்டி
நோயாளிக்கும் அதேதான், வரலன்னா ஒரே இடத்துல குத்திக்கிட்டே இருக்க மாட்டாங்க, இடம் மாத்துவாங்க.

11கேவி
மின்சாரப் பக்கம் யாரும் வரல போல. டிரான்ஸ்ஃபார்மர்ல 'டேப்'னா சுருள்ல நடுவுல பிரிச்சு வெளிய எடுத்த முனை. பீப்பாய் ஆணி மாதிரிதான்: முழுச் சுருளையும் எடுக்காம எந்த இடத்துல வேணுமோ அங்க எடுக்கிறது. தமிழ்ல 'பிரிமுனை'ன்னு போட்டா புரியும். வேலையில யாரும் அப்படிச் சொல்றதில்ல, 'டேப் மூணுல வை'ன்னுதான் பேச்சு.

11,000 வோல்ட்டை 433 ஆக்குற டிரான்ஸ்ஃபார்மர்ல சாதாரணமா அஞ்சு நிலை: 11,550, 11,275, 11,000, 10,725, 10,450. ஒவ்வொண்ணும் 2.5 விழுக்காடு. லயத்துல (எஸ்டேட் வீட்டு வரிசையில) கடைசி வீட்டுல விளக்கு மங்குதுன்னா டேப்பை 3லிருந்து 4க்கு மாத்துவாங்க. மேல் பக்கச் சுருள்ல சுற்று குறையும், கீழ வோல்ட் ஏறும். 433 × 11,000 ÷ 10,725 = 444.

இங்கதான் தப்பு நடக்கும். 444ங்கிறது ரெண்டு கம்பிக்கு நடுவுல; 1.732ஆல வகுத்தா ஒரு கம்பிக்கு 256 வோல்ட். 230க்கு மேல 10 விழுக்காடுதான் அனுமதி, 253. மேல 11,000 முழுசா வந்து, ராத்திரி ஆளெல்லாம் தூங்கி லோடு இல்லாத நேரத்துல, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீட்டுக்காரன் பல்பு போகும். கடைசி வீட்டுக்கு டேப்பை மாத்துறதுக்கு முன்ன கம்பி கனம் போதுமான்னு பார்க்கணும்.

இந்த வகை டேப்பை மின்சாரம் ஓடும்போது திருப்பவே கூடாது. முழுசா நிறுத்தி, எர்த் போட்டு, அப்புறம் திருப்பணும். ஓடும்போது திருப்பினா ரெண்டு முனைக்கு நடுவுல பொறி அடிச்சு எண்ணெய்க்குள்ளேயே எரியும். திருப்பினப்புறம் நிலைக்குச் சரியா விழுந்திருக்கான்னு மீட்டர்ல பார்க்காம மூடக் கூடாது.

கார்டு_காட்டு
கட்டணம் செலுத்துறதை விட்டுட்டீங்க. 'டேப் பண்ணுங்க'ன்னு கேஷியர் சொன்னதும் பெரியவங்க சிலர் கார்டால மெஷினை நிஜமாவே தட்டுறாங்க. தட்டி உடனே எடுத்தா படிக்காது. சில செ.மீ. தூரத்துல ஒரு நொடி நிறுத்தினா போதும், படவே வேண்டாம். பர்ஸோட வச்சா உள்ள இருக்கிற ரெண்டு கார்டும் சேர்ந்து பதில் சொல்லி மெஷின் குழம்பும். 250 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போனா ரகசிய நம்பர் கேட்கும்.

அதனால இந்த டேப்புக்கு 'கார்டைக் காட்டுங்க'ங்கிறதுதான் சரியான தமிழ். பிள்ளைங்க திரையில பண்றது 'தட்டு', ரெண்டு தடவைன்னா 'இருமுறை தட்டு'. அதுல செயலி சொன்னது சரி.

சாக்பீஸ்
நாலாவது, 'தலைவர் பதவிக்குத் தட்டப்பட்டார்'?

சொல்வேர்
இது தட்டுகிற டேப்தான், ஆனால் தட்டு என்று எழுதக் கூடாத இடம். கூட்டத்தில் ஒருவரின் தோளைத் தொட்டு 'நீ வா' என்பதிலிருந்து வந்தது. அமெரிக்கச் செய்தித்தாள் வழக்கு. தமிழில் 'தலைவர் பொறுப்புக்கு அழைக்கப்பட்டார்' அல்லது 'தேர்ந்தெடுக்கப்பட்டார்'.

கண்ணி எங்கே என்றால், அதே அமைப்பில் பதவிக்குப் பதில் பத்து வெள்ளி என்று வந்தால் அது மற்ற டேப். 'அவனைப் பத்து வெள்ளிக்கு டேப் பண்ணினான்' என்றால் பத்து வெள்ளி கறந்துவிட்டான். முதலாவதில் அவருக்கு ஒன்று கிடைக்கிறது, இரண்டாவதில் அவரிடமிருந்து ஒன்று போகிறது. இதே பிரிவு 'டேப் அவுட்'டிலும் உண்டு. மல்யுத்தத்தில் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது இரண்டாவது டேப். 'டேப்ட் அவுட்', கையில் காசு தீர்ந்துபோச்சு என்பது முதலாவது.

கறப்பது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயனுக்குப் பணம் பீப்பாயிலிருந்து வருகிறது, நமக்கு மாட்டு மடியிலிருந்து. ரப்பர் மரத்தைப் பார்த்த உடனே நம் ஆட்கள் 'பால்' என்று சொன்னதும் அந்தப் பழக்கத்தால்தான் என்பது என் எண்ணம்.

மரை_வெட்டி
ராணுவ 'டாட்டூ'வும் பைப்புக் குடும்பம்னு கேள்விப்பட்டேன், சரியா சார்? பச்சை குத்துற டாட்டூ இல்ல, பேண்டு அணிவகுப்பு.

சொல்வேர்
சரிதான். டச்சுக்காரரின் 'டேப் டூ', அதாவது 'ஆணியை அடை'. இரவில் முரசு அடித்தால் சாராயக் கடைக்காரர் பீப்பாயை மூட வேண்டும், சிப்பாய் முகாமுக்குத் திரும்ப வேண்டும். பச்சை குத்தும் டாட்டூ பசிபிக் தீவு மொழிகளிலிருந்து வந்த வேறு சொல்.

சாக்பீஸ்
எல்லாருக்கும் நன்றி. தாளின் விடைப் பக்கம் இப்படி ஆகியிருக்கிறது:

1. தொழிலாளர்கள் விடியும் முன்பே பால் வெட்டினார்கள்.
2. நோயாளியின் முதுகிலிருந்து நீர் எடுக்கப்பட்டது.
3. 8.5 மி.மீ. துளையிட்டு, பிறகு மரை வெட்டவும்.
4. அவர் தலைவர் பொறுப்புக்கு அழைக்கப்பட்டார்.
5. நாட்டின் இன்னும் கைபடாத வளங்கள்.

ஆறாவதாக 'குழாயை மூடு' வைத்திருக்கிறேன். பைப்பு என்று போடலாமா? தேர்வுத் தாள் இல்லை, பயிற்சிதான்.

பைப்புக்கடை
பைப்புன்னே போடுங்க சார். பக்கத்துல அடைப்புக்குறியில 'குழாய்'னு போட்டுடுங்க, அலுவலகத்துலருந்து யாரும் கேட்டா காட்டலாம்.

நெரைக்காரன்
முதல் வரியில 'தொழிலாளர்கள்' சரி. ஆனா 'வெட்டினார்கள்'னு முடிக்காம 'வெட்டப் போனார்கள்'னு போடுங்க. விடியும் முன்ன போறது. நெரை (ஒருத்தர் வெட்டுற மர வரிசை) முடியும்போது வெளிச்சம் வந்திடும்.